முப்பத்தெட்டு பேரின் சம்மதம்

திருவண்ணாமலையில் நான் இருந்தது மொத்தம் ஐந்தரை மாதம். அதில் நான் வாய் திறந்து பேசியதெல்லாம் ஏறக்குறைய ஒரே அறைக்குள்தான். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஓர் எண்ணெய் மண்டி. அதன் மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறை. எஸ்.எஸ்.எல்.சி.யில் தவறியவர்களை அடுத்த பரீட்சைக்குத் தேற்றி அனுப்பும் டுடோரியல் அது. காலை பத்து மணியிலிருந்து ஒன்று வரை வரலாறும் புவியியலும் என் பொறுப்பு.

எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்து மூன்று வயது. சென்னையில் எம்.ஏ. முடித்த சூடு ஆறவில்லை. நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோதுதான் நெருக்கடி நிலை வந்தது. எங்கள் விவாத மன்றத்தின் அறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை முதல்வர் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு வருடம் பேச நினைத்தது எல்லாம் தொண்டையிலேயே நின்றது. அதை இறக்கி வைக்க ஓர் இடம் கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தவனுக்கு இந்த வேலை கிடைத்ததும், பெட்டியில் துணியை விடப் புத்தகத்தை அதிகமாக அடுக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

தங்கியது ஒரு லாட்ஜில், மாத வாடகைக்கு. என்னைத் தவிர அங்கே யாரும் மாதக் கணக்கில் தங்கவில்லை. பக்கத்து அறைக்கு வருகிறவர்கள் கோயிலுக்குப் போவார்கள், மலையைச் சுற்றுவார்கள், மறுநாள் ஈர வேட்டியை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். முகம் பழகுவதற்குள் முகம் மாறிவிடும். ஓட்டலிலும் அப்படித்தான். முதல் வாரம் சப்ளையரிடம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இரண்டாம் வாரம் நான் உட்கார்ந்ததுமே இரண்டு இட்லியும் ஒரு காபியும் வந்துவிட்டன. அவர் நல்ல எண்ணத்தில் செய்ததுதான். எனக்கோ ஒரு நாளில் பேசக் கிடைத்த இரண்டு வாக்கியமும் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தெருவில் ஒருவர் தபால் பெட்டி எங்கே என்று கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தால் குரல் வரவில்லை. காலையிலிருந்து அதற்கு வேலையே இல்லை.

அதனால் திங்கள்கிழமை பத்து மணி என்றால் எனக்குத் திருவிழா. முப்பத்தெட்டு பேர். படிக்கட்டில் அவர்கள் செருப்பு விடும் சத்தம் கேட்டாலே நெஞ்சு நிமிரும். அந்த முப்பத்தெட்டு பேர் இல்லையென்றால் அந்த ஊரில் எனக்கு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததைப் படிக்கும்போது என்னை ஏதோ கொள்கைக்காரன் என்று நினைத்துக்கொள்ள இடம் இருக்கிறது. அதற்கெல்லாம் முன்னால் எனக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவர்களில் பாதிப் பேர் என் வயதை ஒட்டியவர்கள். கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒருவன் வருவான். வேர்க்கடலை போடுகிற வீடு, அந்தப் பக்கம் அதற்கு மல்லாட்டை என்று பேர், சட்டைப் பையில் எப்போதும் நாலு இருக்கும், வாயில் எப்போதும் ஒரு கேலி இருக்கும். முதல் பெஞ்சில் அடி அண்ணாமலையிலிருந்து சைக்கிளில் வரும் ஒரு பெண். அவளுக்கு அது மூன்றாவது வாட்டி. மற்ற பாடம் எல்லாம் தேறிவிட்டாள். வரலாறு-புவியியல் மட்டும் காலை வாரிக்கொண்டே இருந்தது. வந்த முதல் வாரமே என்னிடம் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"சார், இந்த வாட்டி பாஸ் ஆயிட்டா நர்ஸ் ட்ரெயினிங்குக்கு அனுப்பறேன்னு எங்கப்பா வாக்கு குடுத்துக்கீறாரு. ஆகலன்னா தை மாசம் எங்க மாமாவுக்குக் கட்டி வெச்சுடுவாங்க."

"மாமா நல்லவர்தானே?" என்று கேட்டேன், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"நல்லவருதான் சார். அதுக்கோசரம்?"

ஆகஸ்டில் சுதந்திரப் போராட்டம் பாடத்துக்கு வந்தோம். பாடப் புத்தகத்தில் அது பதினோரு பக்கம். ஆண்டு, இடம், மாநாடு, கைது. மறுபடி ஆண்டு, இடம், மாநாடு, கைது. எனக்குத் தாங்கவில்லை. ஏன் என்ற கேள்வியே அந்தப் பதினோரு பக்கத்திலும் இல்லை. பலகையில் சாக்பீஸால் ஒரே ஒரு வரி எழுதினேன்: ஒருவன் சொல்வதை இன்னொருவன் ஏன் கேட்க வேண்டும்?

"அடிப்பான் சார்," என்றான் கீழ்பென்னாத்தூர்க்காரன்.

"அடிக்காவிட்டால்?"

"அப்ப கேக்க மாட்டோம்."

"அதுதான் பாடம்!" என்று மேஜையைத் தட்டினேன்.

அன்றைக்கு ஒரு மணி அடித்தும் நான் நிறுத்தவில்லை. மனிதன் பிறக்கும்போதே சில உரிமைகளோடு பிறக்கிறான். அதை எந்த ராஜாவும் கொடுக்கவில்லை. கொடுக்காததைப் பிடுங்க அவனுக்கு என்ன பாத்தியதை? ஆட்சி என்பது ஆளப்படுகிறவர்கள் தந்த சம்மதத்தின் மேல் நிற்பது. கடலுக்கு அப்பாலிருந்து வியாபாரம் செய்ய வந்தவர்களுக்கு இந்த ஊர்க் குடியானவன் எவனும், நீ வரி போடு, நான் கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுக்கவில்லை. உப்பை அள்ளியவர்களும் கள்ளுக்கடை வாசலில் உட்கார்ந்தவர்களும் செய்தது வேறு ஒன்றும் இல்லை. எங்கள் சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். சம்மதம் போன பிறகு அரசாங்கம் என்பது தடி வைத்திருக்கிற கொஞ்சம் பேர். இப்படிப் போயிற்று என் பேச்சு. எனக்கே மயிர் கூச்செறிந்தது.

முதல் பெஞ்சுப் பெண் கையைத் தூக்கினாள். "சார், வெள்ளைக்காரன் ரயில் வுட்டான். ஆஸ்பத்திரி கட்னான். நல்லது பண்றவன்கூட நம்மளைக் கேட்டுட்டுத்தான் பண்ணணுமா?"

இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் நான் பிறந்தேன் என்று தோன்றிய கணம் அது. "கேட்கணும். கட்டாயம் கேட்கணும். ஒரு காரியம் நல்லதா கெட்டதா என்று யார் முடிவு பண்ணுவது? செய்கிறவனா, அதை அனுபவிக்கிறவனா?"

"அனுபவிக்கிறவங்கதான் சார்."

"அப்போ?"

"கேக்கணும்," என்று நிறுத்தி யோசித்தாள். நோட்டில் எழுதிக்கொண்டாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் நான் அந்தப் பாடத்தை விட்டு நகரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் லாட்ஜ் அறையில், மலை மட்டும் தெரிகிற ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த நாள் என்ன பேசுவது என்று எழுதுவேன். எழுதியதை நின்று பேசிப் பார்ப்பேன். பக்கத்து அறை பக்தர் ஒருவர், என்னங்க மந்திரமா என்று எட்டிப் பார்த்துக் கேட்டார்.

பேசியது போதாதென்று அதை நடத்திக் காட்டவும் ஆசை வந்தது. இந்த வகுப்பே இனி சம்மதத்தின் பேரில் நடக்கும் என்று அறிவித்தேன். அமாவாசை அன்று வகுப்பு வைக்கலாமா கூடாதா என்பது முதல் விஷயம். ரகசிய வாக்கெடுப்பு. ஓட்டுச் சீட்டுக்கு எங்கே போவது? கீழ்பென்னாத்தூர்க்காரன் அன்று ஒரு மஞ்சள் பை நிறைய, மண் வாசனை போகாத புது மல்லாட்டை கொண்டுவந்திருந்தான். ஆளுக்கு ஒரு காய். சம்மதம் என்றால் முழுக் காயை அப்படியே டப்பாவில் போட வேண்டும். சம்மதமில்லை என்றால் பருப்பை எடுத்துவிட்டு வெறும் தோலைப் போட வேண்டும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

டப்பாவைக் கவிழ்த்தால் முப்பத்து நாலு வெறும் தோல், இரண்டு முழுக் காய்.

"முப்பத்தெட்டு பேர். ரெண்டு ஓட்டு எங்கே?"

"கொசுறு கேட்டாங்க சார், தோலோட பையில போட்டுக்கினாங்க," என்று பின் பெஞ்சைக் காட்டினான் ஒருவன்.

"அமாவாசைக்கு வகுப்பே வேண்டாம் என்று இத்தனை பேரா?"

கீழ்பென்னாத்தூர்க்காரன் எழுந்து நின்றான். "சார், கோச்சுக்காதீங்க. வேணாம்னு சொல்றவனுக்கு மல்லாட்டை. வேணும்னு சொல்றவனுக்குப் பட்டினி. மணி பன்னண்டர. எவன் சார் வேணும்னு சொல்லுவான்?"

வகுப்பே மேஜையைத் தட்டிச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த ஊரில் நான் வயிறு வலிக்கச் சிரித்தது அந்த ஒரு நாள்தான். எதிர்த்து ஓட்டுப் போடுகிறவனுக்குச் சாப்பாடு போடும் தேர்தலை நான் நடத்தியிருக்கிறேன்! அடுத்த வாரமே முதல் பெஞ்சுப் பெண் சட்டத்தைத் திருத்திவிட்டாள். காயை முதலிலேயே எல்லோரும் தின்றுவிடுவது. இரண்டு பக்கத்துக்கும் தோல்தான். சம்மதம் என்றால் மூடி வைத்த தோல், இல்லையென்றால் கையில் நசுக்கிய தோல்.

செப்டம்பர் பிறந்தது. பரீட்சை அக்டோபரில். இந்தியா மேப்பை நான் இன்னும் விரிக்கவில்லை.

அவர்கள் சொல்லாமல் இல்லை. "சார், மேப் பத்து மார்க்கு சார்," என்று அந்தப் பெண் இரண்டு வாட்டி சொன்னாள். நானும் சரி என்று ஒரு நாள் மேப்பை ஆணியில் மாட்டினேன். துறைமுகங்களைக் குறிக்கச் சொன்னேன். துறைமுகம் என்றதும் கப்பல் வந்தது. கப்பல் என்றதும் அதில் வந்தவர்கள், அவர்கள் இடுப்பில் சொருகி வந்த அரசாணை, யாரோ ஒரு ராணி தனக்குச் சொந்தமில்லாத கடற்கரையை யாருக்கோ எழுதிக் கொடுத்த அநியாயம். மணி அடித்தபோது மேப்பில் மூன்று புள்ளி இருந்தது. எனக்குத் திருப்தியாக இருந்தது.

அதற்கு அடுத்த திங்கள்கிழமை நான் உள்ளே போனபோது, எல்லோரும் எழுந்து நின்றவர்கள் உட்காரவில்லை. மேஜை மேல் நாலாக மடித்த ஒரு தாள். முறைப்படி எழுதியிருந்தார்கள், அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு. மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் நடத்தும் பாடத்தில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் பரீட்சைக்கு ஐந்து வாரமே இருப்பதால், வரலாறு-புவியியல் வகுப்பைத் தமிழ் ஐயா நடத்த வேண்டும் என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறோம். இது குறித்து வாக்கெடுப்பு நடத்தத் தங்கள் அனுமதி வேண்டுகிறோம்.

தமிழ் ஐயா என்பது டுடோரியல் நடத்துகிறவரின் மைத்துனர். கேள்வி-பதில் நோட்டை வைத்து எந்தப் பாடத்தையும் பதினைந்து நாளில் மனப்பாடம் செய்ய வைத்துவிடுவார்.

"யார் எழுதியது?"

"நான்தான் சார் எழுதுனேன். எல்லாரும் சேந்து சொன்னது," என்றாள் முதல் பெஞ்சுப் பெண். குரல் நடுங்கியது, பார்வை நடுங்கவில்லை.

"மேப்தானே? நாளைக்கே ஆரம்பிக்கிறேன். ஒரு வாரத்தில் முடிச்சுடலாம்."

"போன வாரமும் அப்டித்தான் சார் சொன்னீங்க. ஆரம்பிப்பீங்க. பத்து நிமிஷத்துல கப்பல் ஏறிடுவீங்க."

யாரோ சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்கள்.

"நான் சொல்லிக் கொடுத்தது நல்லதில்லையா?" என்றேன். கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நல்லதுதான் சார். எனக்கு ரொம்பப் புடிச்சுது. ஆனா நல்லதா கெட்டதான்னு முடிவு பண்றது யாருன்னு நீங்கதான சார் கேட்டீங்க?"

நான் அனுமதி கொடுத்தேன். நான் தொடர்ந்து நடத்தச் சம்மதமா என்பதுதான் கேள்வி. ஓட்டெடுப்பின்போது நான் உள்ளே இருக்கக் கூடாது என்றும் நானே சொன்னேன். வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கீழே மண்டியில் டின்களை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த உருட்டல் ஒரு கணம் ஓய்ந்தபோது கதவுக்குப் பின்னாலிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. மல்லாட்டைத் தோல் நசுங்கும் சத்தம். ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. நான் எண்ண ஆரம்பித்தேன். பதினாறு வரை எண்ணினேன். பிறகு கீழே மறுபடி டின்னை உருட்டினார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

நசுக்கியது முப்பத்து மூன்று. மூடியது ஐந்து. மொத்தம் முப்பத்தெட்டு; இந்த வாட்டி ஒன்றும் குறையவில்லை.

டுடோரியல் நடத்துகிறவரைப் பிரின்சிபால் என்று கூப்பிடுவோம். கீழே எண்ணெய் மண்டிக்குப் பக்கத்தில் அவருக்குச் சின்ன அறை. நான் சொல்லும் முன்பே செய்தி போய்விட்டது.

"ஓட்டா? இன்னா ஓட்டு? இது இன்னா முனிசிபாலிட்டியா?" என்றார். "வாத்தியாரை வெக்கிறவன் நானு. யாரு சார் தலைமை, அந்த அடி அண்ணாமலைப் பொண்ணா? அதுக்கு வாய் ஜாஸ்தி. ஹால் டிக்கெட் நம்ம விலாசத்துக்குத்தான வரும்? வரட்டும், அப்பறம் பேசிக்கிறேன்."

"அந்தப் பெண்ணை ஒன்றும் செய்யாதீர்கள்."

"நான் இன்னா பண்ணப்போறேன். நீங்க போயி கிளாஸ் எடுங்க தம்பி. நீங்க நல்லாப் பேசுறீங்க, தெருவுல போறவனே நின்னு கேக்குறான். நான் வாசல்ல நிக்கறேன். எவன் வாயத் தொறக்கறான்னு பாக்கலாம்."

நான் போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அவர் சொன்னதும், முடியாது, அவர்கள் சம்மதம் இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். மூன்று வாரம் மேஜையைத் தட்டித் தட்டி அதைத்தான் சொன்னேன். ஆனால் அந்தக் கணத்தில் என் மனதுக்குள் ஓடியது வேறு. இந்தக் கதவு சாத்திவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு நான் எங்கே போவேன்? யாரிடம் பேசுவேன்? மேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினேன்.

இரண்டு நாள் வகுப்பு எடுத்தேன். வாசலில் பிரின்சிபால் நின்றார். கப்பல் பக்கமே போகாமல் ஆறுகளைக் குறிக்கச் சொன்னேன், குறித்தார்கள். மலைகளைச் சொன்னேன், குறித்தார்கள். அப்படி ஓர் அமைதியான வகுப்பு எந்த வாத்தியாருக்கும் வாய்க்காது. முப்பத்தெட்டு தலையும் நோட்டில் குனிந்திருந்தன. இரண்டாம் நாள், நர்மதை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கீழ்பென்னாத்தூர்க்காரனைக் கேட்டேன். முன்பானால், அது இஷ்டத்துக்கு ஓடுது சார், நம்மளை எங்க கேக்குது என்று ஏதாவது சொல்லியிருப்பான். அவன் எழுந்து, மேற்கு சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்," என்றேன். ஒருவரும் நிமிரவில்லை.

லாட்ஜ் அறையில்கூட நான் அவ்வளவு தனியாக இருந்ததில்லை. அங்கே ஆளில்லை, அதனால் பேச்சில்லை. இங்கே என் எதிரே இத்தனை பேர் இருந்தார்கள். ஒருவரும் எனக்கு இல்லை. நான் இழந்துவிடக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்த முப்பத்தெட்டு பேர் திங்கள்கிழமையே போய்விட்டார்கள். நான் பிடித்துவைத்திருந்தது அவர்கள் உட்கார்ந்திருந்த பெஞ்சைத்தான்.

மணி அடித்ததும் கீழே போய்ப் பிரின்சிபாலிடம் சொன்னேன். "சார், ஓட்டெடுப்பு நடத்தச் சொன்னது நான். அதற்கு விதி போட்டதும் நான். அவர்கள் யாரும் பொறுப்பில்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்களையே வேணாம்னு சொல்றதுக்கு நீங்களே ஓட்டு வெச்சீங்களா?"

"ஆமாம்."

"படிச்சவங்கன்னு சேத்துக்கினா இப்டித்தான்," என்று தலையில் கை வைத்துக்கொண்டார். "பசங்களைக் கெடுத்தது நீங்களா அப்போ. சரி, நாளையிலேர்ந்து வராதீங்க. மச்சானை அனுப்பறேன்."

"ஹால் டிக்கெட்?"

"அத இன்னா ஊறுகாயா போடப்போறேன்? வந்தா குடுத்துடறேன். போங்க சார், போங்க."

அதற்கப்புறம் அந்த ஊரில் நான் இருந்திருக்கத் தேவையில்லை. வேறு இரண்டு இடத்துக்கு மனுப் போட்டிருந்தேன், பதில் வரட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். காலை பத்து மணிக்குக் கால் தானாகப் பின்தெருப் பக்கம் இழுக்கும். தடுத்து, மலை சுற்றும் பாதையில் நடப்பேன். சில நாள் மாடி ஜன்னல் வழியாகக் குரல் வரும். முப்பத்தெட்டு பேரும் ஒரே ராகத்தில்: சுதந்திரப் போராட்டத்துக்கான காரணங்கள் எட்டு. ஒன்று, பொருளாதாரச் சுரண்டல். இரண்டு, ஆங்கிலக் கல்வி. எட்டு வரை நின்று கேட்டுவிட்டுப் போவேன். வழியில் யாராவது எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்கி, வணக்கம் சார் என்பார்கள். மரியாதையில் ஒரு குறை வைக்கவில்லை. வணக்கத்துக்குப் பிறகு என்ன பேசுவது என்று எங்கள் இருவருக்குமே தெரியாது. மறுபடி ஏறிப் போய்விடுவார்கள்.

பரீட்சை நாளன்று பள்ளிக்கூடத்துக்கு எதிர் டீக்கடையில் போய் உட்கார்ந்தேன். பகல் ஒரு மணிக்கு வெளியே வந்தார்கள். கீழ்பென்னாத்தூர்க்காரன்தான் முதலில் என்னைப் பார்த்தான். ஓடி வந்தான்.

"சார், சூப்பர் சார்! மேப் முழுசும் போட்டுட்டேன். நர்மதைய மேற்காலயே வுட்டேன்." பழைய சிரிப்பு. ஐந்து வாரத்துக்குப் பிறகு ஒருவன் என்னிடம் சிரித்துப் பேசினான். அவனுக்கு ஒரு டீ சொன்னேன். "உங்க கேள்வி ஒண்ணு வந்துது சார். எட்டு காரணம் எழுதுனேன், அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டேன்."

முதல் பெஞ்சுப் பெண் கடைசியாக வந்தாள். பரீட்சை அட்டையை மார்போடு பிடித்துக்கொண்டு, சைக்கிள் நிறுத்தியிருந்த இடத்துக்குப் போகாமல் நேரே டீக்கடைக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"எப்படி எழுதினீர்கள்?"

"மேப் பாதிதான் சார் போட்டேன்."

"ஏன்? தெரியாதா?"

"நல்லாத் தெரியும் சார். டைம் இல்ல." மூச்சை இழுத்துக்கொண்டாள். "அந்தக் கேள்விய மொதல்ல எடுத்துட்டேன். எட்டு காரணம் எழுதிட்டு வுட்டுடலாம்னுதான் ஒக்காந்தேன். ரெண்டாவது காரணம் எழுதும்போதே, இது காரணமே இல்லியேன்னு தோணிச்சு. அப்பறம் நிறுத்த முடியல சார். நாலரை பக்கம் போயிடுச்சு. கேக்காம நல்லது பண்ணா அது நல்லதான்னு எழுதுனேன். மணி பாத்தா இருவது நிமிஷந்தான் இருந்துது. உங்களை மாதிரியே ஆயிடுச்சு சார் எனக்கு."

சிரிக்க முயன்றாள். வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லாத்தான் எழுதிக்கீறேன்," என்றாள், யாரோ இல்லை என்று சொன்னது போல.

எனக்கு அவளிடம் எவ்வளவோ பேச வேண்டும் போலிருந்தது. நாலு மாதம் நான் பேசியதற்கெல்லாம் அந்த ஊரில் ஒரே ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அதை எழுதிய நேரத்தில் அவர் தன் பத்து மார்க்கை விட்டுவிட்டார். மகிழ்ச்சியா, பயமா என்று என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "வந்துடும்மா, பாஸ் வந்துடும்," என்று மட்டும் சொன்னேன். டீக்கடையில் எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் தலையாட்டிவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள்.

நவம்பர் முதல் வாரம் வேறு ஊரில் வேலை கிடைத்தது. கிளம்பிவிட்டேன். ரிசல்ட் பேப்பரில் வந்த அன்று திருவண்ணாமலை மையத்தின் எண்களை விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முப்பத்தெட்டு பேரின் பெயரும் எனக்குத் தெரியும். யார் எந்த ஊர், யார் எந்தக் கேலிக்குச் சிரிப்பார்கள் என்று தெரியும். ஒருவருடைய தேர்வு எண்ணும் தெரியாது. அதைத் தமிழ் ஐயா தெரிந்துவைத்திருப்பார்.

டுடோரியல் விலாசத்துக்கு ஓர் அஞ்சலட்டை போட்டேன். அவளைப் பற்றி மட்டும் கேட்க வேண்டும் என்று பேனாவை எடுத்தேன். ஆனால் அஞ்சலட்டையைப் போஸ்ட்மேன் படிப்பார், மண்டிக்காரர் படிப்பார், பிரின்சிபால் உரக்கப் படிப்பார். இருபத்து மூன்று வயது ஆள் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டுக் கேட்டால், தை மாதம் வரைக்கும் காத்திருக்க மாட்டார்கள். உறையில் போட்டு ஒட்டினால் இன்னும் மோசம். ஆகவே மாணவர்கள் அனைவரும் எப்படித் தேறினார்கள் என்று பொதுவாக எழுதினேன். தமிழ் ஐயா உடனே பதில் போட்டார். முத்து முத்தான எழுத்து. தங்கள் அன்பான விசாரிப்புக்கு நன்றி, முப்பத்தெட்டில் இருபத்தொன்பது பேர் தேறியுள்ளனர், மேப்பில் எல்லோரும் நன்றாகச் செய்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

மிச்சம் ஒன்பது பேர். பத்து வருடமாகப் போகிறது. அந்த ஒன்பதில் அவளைச் சேர்த்தும் பார்த்துவிட்டேன், விட்டும் பார்த்துவிட்டேன். ஏதாவது ஓர் ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால், வெள்ளை உடையில் வருகிறவர்களின் முகத்தை ஒருமுறை நின்று பார்ப்பேன். ஒரு பஸ் பிடித்து அடி அண்ணாமலையில் இறங்கி, முதல் கடையில் கேட்டால் தெரிந்துவிடும். இரண்டு தடவை திருவண்ணாமலை வரைக்கும் போயும் இருக்கிறேன். பேருந்து நிலையத்திலிருந்து அதற்கு மேல் போகவில்லை. கடைக்காரர் கெட்ட மனிதராக இருக்க மாட்டார், வழி சொல்வதற்கு முன்னால் எல்லோரும் கேட்பதைத்தான் கேட்பார்: "நீங்க அந்தப் பொண்ணுக்கு இன்னா வேணும்?" அவளுடைய சார் என்று சொல்லலாம். ஆனால் முப்பத்து மூன்று பேர், நேர்மையான ஓட்டில், அதை என்னிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு நான் அவளுக்கு யார் என்று யாரும் முடிவு செய்யவில்லை.